நாற்பத்தைந்து பாகை

இயக்குநர்களுக்குத் தலைகுனியக் கற்றுத்தந்தது நான்தான்.
ஹத்சுயே முரோஃபுஷி, பொது நிர்வாகப் பிரிவு,
இருபத்தாறு வருட சர்வீஸ்.

பத்திரிகையாளர் கூட்டத்துக்கு முந்தைய இரவு
மேசைகளை ஓரம் தள்ளிவிட்டு
மூவரையும் வரிசையாக நிறுத்தினேன்.
கையில் என் மகளின் பள்ளிக்கூடப் பாகைமானி.
முப்பது என்றால் வருத்தம்.
நாற்பத்தைந்து என்றால் ஒப்புதல்.
அதற்கும் கீழே போனால் நடிப்பு என்று எழுதிவிடுவார்கள்.
ஏழு விநாடி.
மனசுக்குள் எண்ணுங்கள், உதடு அசையக்கூடாது.
தலைவருக்கு முதுகுவலி. ஐந்தில் நிமிர்ந்துவிட்டார்.
மறுபடியும், என்றேன்.
அவரை நான் ஏவியது வாழ்நாளில் அன்று ஒருநாள்தான்.

நாங்கள் செய்தது ரப்பர்.
அஸ்திவாரத்துக்கும் தூணுக்கும் நடுவே
இரும்பும் ரப்பரும் அடுக்கடுக்காய்,
வண்டிச் சக்கர அகலத்தில்.
நிலம் நடுங்கும்போது தான் அசைந்துகொடுத்து
மேலே தூங்குகிறவர்களைத் தூங்கவிடும்.
பொறுப்பு என்ற சொல்லுக்கு
இதைவிட நேரான பொருள் எனக்குத் தெரியாது.
பொறுப்பது.
மேலே இருக்கும் எடையை.

சோதனைக்கூடத்தில் குராமோச்சி
விலகலைப் பென்சிலால் எழுதுவார்.
மாலையில் அதே தாளை
யாரோ பேனாவால் பிரதி எடுப்பார்கள்.
பென்சிலில் பதினெட்டு, பேனாவில் எட்டு.
ஒரேயொரு கோடுதான் வித்தியாசம்.
மூன்று முறை அவர் புகார் எண்ணுக்கு அழைத்தார்.
மணியடித்த தொலைபேசி இருந்தது
பேனாக்காரரின் மேசையில்.
அதன்பின் குராமோச்சிக்குக் கிடங்கில் வேலை,
கையுறைகளை எண்ணுவது.
அதையும் பென்சிலால்தான் எழுதினார்.

பிறகு சீர்திருத்தம் வந்தது.
சுயேச்சை இயக்குநர்கள் மூன்று பேர்.
தணிக்கைக்கு ஒரு குழு, நியமனத்துக்கு ஒரு குழு,
சம்பளத்துக்கு ஒன்று.
சட்டைப்பையில் வைத்துக்கொள்ள நெறிமுறை அட்டை;
நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டையும்
லேமினேட் செய்த சூடு இன்னும் என் விரலில் இருக்கிறது.
கணினியில் பத்துக் கேள்வித் தேர்வு.
தவறான விடையை அழுத்தினால்
மறுபடி முயலவும் என்று வரும்.
எல்லோரும் தேறினோம்.
சமூகப் பொறுப்பு அறிக்கையின் அட்டையில்
புதிய தலைவர் ஆற்றங்கரையில் குப்பை பொறுக்குகிறார்.
அந்தக் கையுறையைக் குராமோச்சி எண்ணியிருப்பார்.

முதல் கூட்டத்தில் பேராசிரியை இதாகாகி கேட்டார்:
"பென்சிலில் எழுதிய தாள்கள் எங்கே?"
குளிர்சாதனம் மட்டும் பேசியது.
கேள்வி கவனத்தில் கொள்ளப்பட்டது என்று எழுதுங்கள் அம்மா,
என்றார் பக்கத்தில் இருந்தவர்.
நான் கேள்வியையே எழுதினேன்.
கீழே, பதில் இல்லை, முப்பத்தொரு விநாடி.
எண்ணுவது எனக்குப் பழகிப்போயிருந்தது.

புகார் எண் இப்போது வேறு ஊரில்,
ஒரு வக்கீல் அலுவலகத்தில்.
முதல் வருடம் வந்த அழைப்பு, சுழியம்.
நல்ல அறிகுறி என்றது ஆண்டறிக்கை.
இதாகாகி அந்தச் சுழியத்தைச் சுற்றிச்
சிவப்பில் இன்னொரு சுழியம் போட்டார்.

இதையெல்லாம் சொல்கிறேன், ஒன்றை விட்டுவிட்டேன்.
என் வீடு கொகுராவில், ஒன்பதாம் தளம்.
எங்கள் ரப்பர்மேல் நிற்கிறது.
மாற்றித்தரும் தேதி லிஃப்டில் ஒட்டியிருக்கிறது:
அடுத்ததற்கு அடுத்த வசந்தம்.
பழைய தலைவரின் வீடு மரவீடு, ஒற்றைத்தளம்.
ஏழாம் தளத்துப் பெண், கைக்குழந்தைக்காரி,
நீங்கள் அந்தக் கம்பெனிதானே என்றாள்.
தலை குனிந்தேன்.
எத்தனை பாகை என்று தெரியவில்லை.
அளக்க ஆளில்லை,
அவள் இறங்கும் தளம் வந்தும் நான் நிமிரவில்லை.

போன செவ்வாய், விடிவதற்கு முன்,
அலமாரிக் கண்ணாடிகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டன.
கூரைவிளக்கு சாயத் தொடங்கியது.
படுத்தபடியே எண்ணினேன், உதடு அசையாமல்.
ஒன்று.
இரண்டு.
முப்பது பாகை இருக்கும்.
நான்கு.
ஐந்தில் நின்றது.

மறுபடியும் என்று
நான் சொல்லவில்லை.